ஏஐ சட்டம் வந்தாச்சு, ஆபீஸ்ல யாருக்கு என்ன சொல்லிக் கொடுக்கணும்? மொதல்ல இருந்து ஒரு விளக்கம்

"நாங்க ஏஐ எதுவும் செய்யறதில்லையே, பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட்டுக்கு எதுக்குங்க இந்த க்ளாஸ்?" இந்தக் கேள்விய எங்கிட்ட திரும்பத் திரும்ப கேட்டிருக்காங்க. நான் சென்னையில ஒரு கம்பெனில ட்ரைனிங் டீம்ல இருக்கேன், எங்க வேலையில பாதிக்கு மேல ஐரோப்பா க்ளையன்ட்டுங்களுக்குத்தான். கேக்கறவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன், ஏஐ சட்டம்னு காதுல விழுந்ததும் யாருக்கும் மனசுல வர்றது கோடு எழுதறவங்களும் வக்கீலுங்களும்தான். ஆனா அந்தச் சட்டத்த எடுத்துப் படிச்சா, அது அதிகமா கவலைப்படறது அந்த ஏஐய வாங்கி தினமும் உபயோகிக்கற சாதாரண ஆபீஸ் ஆளுங்களப் பத்தியும், அதனால பாதிக்கப்படப் போற வெளி ஆளுங்களப் பத்தியும்தான். அதனால இது யாருக்கு, என்ன, எப்படின்னு ஒண்ணுமே தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி எழுதிப் பாக்கறேன்.

நான் பேசப் போறது ஐரோப்பிய யூனியனோட ஏஐ சட்டம். 2024 ஆகஸ்ட் 1 அன்னிக்கு அமலுக்கு வந்துச்சு. ஆனா எல்லாப் பிரிவும் ஒரே நாள்ல வரல, தவணை தவணையா வருது. மொதல் தவணை 2025 பிப்ரவரி 2. அன்னிக்கு ரெண்டு விஷயம் வந்துச்சு: சில வகை ஏஐக்கு அடியோட தடை, அப்புறம் 4-வது பிரிவு. இந்த 4-வது பிரிவு மொத்தமே ஒரே ஒரு நீள வாக்கியம்தான், அதோட சாரம் என்னன்னா, ஏஐய உருவாக்கற கம்பெனியும் சரி, அத வாங்கி உபயோகிக்கற கம்பெனியும் சரி, தன் ஊழியர்களுக்கும் தன் சார்பா அத இயக்கற மத்தவங்களுக்கும் போதுமான அளவு ஏஐ அறிவு இருக்கறதுக்கு தங்களால முடிஞ்ச ஏற்பாட்டச் செய்யணும், அப்படிச் செய்யும்போது அவங்கவங்க படிப்பு, அனுபவம், எந்த எடத்துல உபயோகிக்கறாங்க, யார் மேல உபயோகிக்கறாங்க இதெல்லாத்தையும் கணக்குல எடுத்துக்கணும்.

இதுல கடைசி பாதியத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. எல்லாருக்கும் ஒரே 40 நிமிஷ வீடியோ, கடைசில பத்துக் கேள்வி, பாஸ் ஆனா சர்டிஃபிகேட், முடிஞ்சுது. சட்டம் கேக்கறது அது இல்ல. ஆளுக்குத் தகுந்த மாதிரி, வேலைக்குத் தகுந்த மாதிரி சொல்லிக் கொடுன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு.

புரியறதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். கரூர்ல பஸ் பாடி கட்டறாங்க, ஒரு போக்குவரத்துக் கழகம் அத வாங்கி ரூட்ல ஓட்டுது. கட்டறவங்களுக்கு ஒரு பொறுப்பு, ஓட்டறவங்களுக்கு வேற பொறுப்பு. ஏஐ சட்டமும் இப்படித்தான் பிரிக்குது, உருவாக்கி சந்தைக்குக் கொண்டு வர்றவங்க ஒரு பக்கம், அத வேலைக்கு எடுத்து ஓட்டறவங்க ஒரு பக்கம். இப்ப ஓட்டற பக்கத்த மட்டும் பாருங்க, அதுலயே டிரைவர், கண்டக்டர், டெப்போ மெக்கானிக், டைம்கீப்பர்னு எத்தனை பேரு. பஸ் ஒண்ணுதான், ஆனா மெக்கானிக்குக்கு தெரியவேண்டிய எஞ்சின் விவரம் கண்டக்டருக்கு வேண்டாம். கண்டக்டருக்கு வேண்டியது படிக்கட்டுல யாரு தொங்கறாங்க, எப்ப விசில் அடிக்கணும்ங்கறது. அவர் விசில் அடிச்சா டிரைவர் எவ்வளவு அவசரத்துல இருந்தாலும் வண்டிய நிறுத்தித்தான் ஆகணும். இந்த விசில் விஷயத்துக்கு நான் கொஞ்சம் கழிச்சு திரும்ப வர்றேன், இந்தக் கட்டுரையில முக்கியமானதே அதுதான்.

அதுக்கு முன்னாடி சட்டம் ஏஐய எப்படித் தரம் பிரிக்குதுன்னு ஒரு பார்வை. மேல தடை பட்டியல்: மனுஷங்களோட நடத்தைய வச்சு மார்க் போட்டு ஒதுக்கறது, இன்டர்நெட்லயும் சிசிடிவிலயும் கெடைக்கற மொகத்தையெல்லாம் கண்டபடி அள்ளி டேட்டாபேஸ் கட்டறது, வேலை எடத்துலயும் பள்ளிக்கூடத்துலயும் மொகத்தையோ குரலையோ வச்சு உணர்ச்சியக் கண்டுபுடிக்கறது, இந்த மாதிரி. (உணர்ச்சி விஷயத்துல மருத்துவம், பாதுகாப்பு காரணத்துக்கு மட்டும் விலக்கு.) அடுத்தது அதிக ஆபத்துன்னு குறிச்ச வகை: ஆள் எடுக்கறது, பதவி உயர்வு, வேலைய விட்டு நிறுத்தறது, கடன் தகுதி பாக்கறது, ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் விலை போடறது, பரீட்சை மதிப்பீடு, அரசாங்க உதவித்தொகை யாருக்குன்னு முடிவு பண்றது, போலீஸ், குடியேற்றம், கோர்ட்டு. அதுக்கும் கீழ வெளிப்படையா சொல்லிட்டாப் போதும்ங்கற வகை, சாட்பாட் மாதிரி. மிச்சம் இருக்கற ஸ்பேம் ஃபில்டர் மாதிரி சமாச்சாரத்துக்கு பெருசா கட்டுப்பாடு இல்ல. இந்தத் தரம் பிரிக்கற விஷயத்த மட்டும் எல்லா டிபார்ட்மெண்ட்டுக்கும் பொதுவா சொல்லிக் கொடுக்கலாம், அரை மணி நேரம் போதும்.

க்ளாஸ் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை

எந்த டிபார்ட்மெண்ட்ல யாரு எந்த டூல உபயோகிக்கறாங்கன்னு ஒரு லிஸ்ட் வேணும். சும்மா ஐடி டீம்கிட்ட கேட்டா அவங்க காசு குடுத்து வாங்கின டூலோட பேர மட்டும்தான் தருவாங்க. நெஜத்துல ஒருத்தர் சொந்த ஃபோன்ல சாட்ஜிபிடி வச்சு க்ளையன்ட் மெயிலுக்கு பதில் எழுதுவாரு, இன்னொருத்தர் மீட்டிங்க தானா எழுதித் தர்ற ஆப்ப ப்ரவுசர்ல சேத்திருப்பாரு, ஏற்கனவே இருக்கற எச்ஆர் சாஃப்ட்வேர்ல போன மாசம் வந்த அப்டேட்ல ஒரு ஏஐ பட்டன் புதுசா முளைச்சிருக்கும். 2023-ல சாம்சங் எஞ்சினியருங்க கம்பெனியோட சோர்ஸ் கோட சாட்ஜிபிடில போட்டுட்டாங்கன்னு செய்தி வந்து, அந்தக் கம்பெனி ஊழியர்கள் இந்த மாதிரி டூல உபயோகிக்கறதுக்கு கட்டுப்பாடு போட்டது ஞாபகம் இருக்கலாம். அவங்க யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணல, வேலை சீக்கிரம் முடியணும்னு பண்ணினாங்க. அதனால லிஸ்ட் எடுக்கும்போது "உண்மையச் சொன்னா உங்க மேல நடவடிக்கை எதுவும் இல்ல"ன்னு மேலிடத்துல இருந்தே எழுத்துல சொல்ல வைக்கணும். இல்லேன்னா யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க, நீங்க வச்சிருக்கற லிஸ்ட்டும் பொய்யாயிடும், அந்தப் பொய் லிஸ்ட் மேல கட்டின ட்ரைனிங்கும் வீண்.

எச்ஆர், இங்கதான் அதிக நேரம் செலவு பண்ணனும்

ஏன்னா ரெஸ்யூமே வடிகட்டற டூல், வேலை விளம்பரத்த யாருக்குக் காட்டறதுன்னு முடிவு பண்ற டூல், ஊழியரோட வேலையக் கண்காணிக்கற டூல், எல்லாமே அந்த அதிக ஆபத்து வகையில நேரடியா வருது. ஒரு குடும்பத்தோட சோறு சம்பந்தப்பட்ட விஷயம், அதுல சட்டம் கறாரா இருக்கறது எனக்கு சரின்னுதான் படுது.

எச்ஆர் ஆளுங்களுக்கு மெஷின் லேர்னிங் கணக்கு எதுவும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். நடந்த கதையச் சொன்னாலே போதும். அமேசான் 2014 வாக்குல இருந்து ரெஸ்யூமேக்கு மார்க் போடற ஒரு டூல உருவாக்கினாங்க, பத்து வருஷமா வந்த ரெஸ்யூமேங்கள வச்சு அதுக்குப் பழக்கினாங்க, அதுல பெரும்பாலானது ஆம்பளைங்களோடது, அதனால அது ஆம்பளைங்கதான் நல்ல ஆளுன்னு கத்துக்கிட்டு, ரெஸ்யூமேல மகளிர் செஸ் க்ளப்புங்கற மாதிரி "மகளிர்"னு வந்தாலே மார்க்க கொறைச்சுது. திருத்திப் பாத்தாங்க, நம்பிக்கை வரல, கைவிட்டாங்க. 2018-ல ராய்ட்டர்ஸ் இத வெளியில கொண்டுவந்துச்சு. இன்னொண்ணு, ஐட்யூட்டர்குரூப்னு ஒரு ஆன்லைன் ட்யூஷன் கம்பெனி, அவங்களோட விண்ணப்ப சாஃப்ட்வேர் 55 வயசோ அதுக்கு மேலயோ இருந்த பெண்களையும் 60 வயசோ அதுக்கு மேலயோ இருந்த ஆண்களையும் தானாவே தள்ளி விட்டுச்சுன்னு அமெரிக்காவோட சம வேலைவாய்ப்பு ஆணையம் வழக்கு போட்டுச்சு, 2023-ல 3,65,000 டாலர் குடுக்க ஒத்துக்கிட்டு சமரசம் ஆனாங்க.

இந்தக் கதைங்கள சொன்னப்புறம் அடுத்த கட்டம் கையில வேலை. நான் செய்யறது என்னன்னா, கற்பனையா 20 ரெஸ்யூமே தயார் பண்ணி, ஒவ்வொண்ணுக்கும் டூல் போட்ட மாதிரி ஒரு ஸ்கோரும் போட்டுக் குடுப்பேன், அதுல ஒரு நாலஞ்சு ஸ்கோர் வேணும்னே தப்பு. பிரசவத்துக்காக ரெண்டு வருஷம் எடைவெளி விட்ட ஒரு பொண்ணுக்கு 31, அதே அனுபவம் இருக்கற இன்னொருத்தருக்கு 84. எத்தனை பேரு கண்டுபுடிக்கறாங்கன்னு பாப்பேன். மொதல் தடவை பெரும்பாலானவங்க ஸ்கோரத்தான் பாக்கறாங்க, ரெஸ்யூமேவ பாக்கறதில்ல. மெஷின் சொல்லிடுச்சு, அது சரியாத்தான் இருக்கும்ங்கற இந்த மனப்போக்கப் பத்தி சட்டத்தோட 14-வது பிரிவு தனியாவே எச்சரிக்குது. ரெண்டாவது ரவுண்டுல ஸ்கோர மறைச்சுட்டு, மொதல்ல நீங்களே படிச்சு முடிவெழுதுங்க, அப்புறம் ஸ்கோரப் பாருங்கன்னு சொன்னா நெலமை மாறுது.

இப்ப அந்த விசில் விஷயம். 26-வது பிரிவு சொல்லுது, அதிக ஆபத்து ஏஐய மேற்பார்வை பாக்கற ஆளுக்கு தகுதி இருக்கணும், பயிற்சி இருக்கணும், அதிகாரமும் இருக்கணும். இந்த மூணாவது வார்த்தையத்தான் ட்ரைனிங் ஸ்லைடுகள்ல காணோம். ஒரு ஜூனியர் ரெக்ரூட்டருக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டு, அவங்க ஒரு ஸ்கோர மாத்தணும்னா மூணு பேர்கிட்ட அப்ரூவல் வாங்கணும், ஒரு மணி நேரத்துல 60 ரெஸ்யூமே முடிக்கணும்னு டார்கெட்டும் இருந்தா, அந்தப் பொண்ணு கையில விசிலக் குடுத்துட்டு வாயக் கட்டின மாதிரிதான். நெதர்லாந்துல நடந்தது இதுக்கு ரொம்ப வலிக்கற சாட்சி. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில மோசடி பண்றவங்கன்னு வரித்துறையோட கம்ப்யூட்டர் முறை சில குடும்பங்கள ஆபத்தானவங்கன்னு குறிச்சுது, அதுல குடியுரிமையும் ஒரு அளவுகோல். மனுஷங்க சரிபாக்கறாங்கன்னு சொன்னாங்க, ஆனா சரிபாத்த அதிகாரிக்கு அந்தக் குடும்பம் ஏன் குறிக்கப்பட்டுச்சுன்னு காரணமே காட்டப்படல. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடன்ல முழுகினாங்க. 2021 ஜனவரில அந்த அரசாங்கமே ராஜினாமா பண்ணிச்சு. மனுஷன் ஒருத்தர் நடுவுல உக்காந்திருந்தா மட்டும் பத்தாது.

எச்ஆருக்கு இன்னும் ஒண்ணு: வேலை எடத்துல இந்த மாதிரி அதிக ஆபத்து ஏஐய கொண்டுவர்றதுக்கு முன்னாடியே ஊழியர்களுக்கும் அவங்க பிரதிநிதிகளுக்கும் சொல்லணும். கொண்டுவந்தப்புறம் ஒரு மெயில் தட்டி விடறது இதுக்கு ஈடாகாது.

மத்த டிபார்ட்மெண்ட்டுங்க

கஸ்டமர் சப்போர்ட்ல ரெண்டு விஷயம். பேசறது சாட்பாட்டுன்னு கஸ்டமருக்குத் தெரியணும், சட்டத்துல அதுக்குக் குறிச்ச தேதி 2026 ஆகஸ்ட் 2. பாட் சொல்ற பதிலுக்கு கம்பெனிதான் பொறுப்புங்கறதும் மண்டையில ஏறணும். கனடால ஒருத்தர் பாட்டி இறந்துட்டாங்கன்னு டிக்கெட் போடும்போது, துக்கத்துக்குப் போறவங்களுக்கான சலுகைய பயணத்துக்கு அப்புறமும் கேட்டு வாங்கலாம்னு ஏர் கனடாவோட சாட்பாட் தப்பா சொல்லிடுச்சு. கேஸ் வந்தப்ப சாட்பாட் செஞ்சதுக்கு நாங்க பொறுப்பில்லங்கற மாதிரி வாதாடினாங்க, 2024 பிப்ரவரில தீர்ப்பாயம் அத ஏத்துக்கல, மொத்தமா 800 கனடா டாலருக்குக் கொஞ்சம் மேல குடுக்கச் சொல்லிடுச்சு. பணம் சின்னதுதான், ஆனா சப்போர்ட் டீம்ல யாராவது பாட் என்ன பதில் சொல்லுதுன்னு வாராவாரம் எடுத்துப் படிச்சிருந்தா அந்தத் தப்பு கண்ணுல பட்டிருக்கும். அதே ஃப்ளோர்ல இன்னொரு ஆபத்து இருக்கு: கஸ்டமர் கோவமா இருக்காரான்னு குரல வச்சு சொல்ற சாஃப்ட்வேர் தடையில வராது, ஆனா அதே சாஃப்ட்வேர் அதே கால்ல ஏஜென்ட்டோட குரலையும் அளந்தா அது தடை பட்டியல்ல விழுந்துடும். இந்த வித்தியாசம் டீம் லீடருக்கு தெரிஞ்சிருக்கணும், ஏன்னா டேஷ்போர்டுல அந்த ஆப்ஷன ஆன் பண்றது அவர்தான்.

பர்ச்சேஸுக்கு இப்ப வர்றேன். வாசல்ல நிக்கற ஆளு அவங்கதான். வெண்டர்கிட்ட அவங்க கேக்கவேண்டியத எழுதிக் குடுத்துடலாம்: இதுல ஏஐ இருக்கா, எந்த வேலைக்குன்னு செஞ்சது, அதிக ஆபத்து வகையில வருதா, உபயோகிக்கற முறைய விளக்கற குறிப்பு எங்க, அப்டேட்ல புது ஏஐ வசதி வந்தா முன்கூட்டியே சொல்லுவீங்களா. கடைசிக் கேள்விய அக்ரிமென்ட்லயே போட்டுடணும். ஒரு சின்ன க்ளாஸ்ல முடியற விஷயம், ஆனா இவங்க கோட்டை விட்டா மத்த எல்லா டிபார்ட்மெண்ட்டும் என்ன வாங்கியிருக்கோம்னே தெரியாம ஓட்டிட்டு இருக்கும்.

டெவலப்பருங்களுக்கு தனி எச்சரிக்கை. வெளியில வாங்கின ஒரு அதிக ஆபத்து ஏஐ மேல நம்ம பேர ஒட்டினாலோ, இல்ல வேற நோக்கத்துக்குச் செஞ்ச ஒரு ஏஐய மாத்தி ஆள் எடுக்கற மாதிரியான அதிக ஆபத்து வேலைக்குத் திருப்பினாலோ, சட்டத்தோட 25-வது பிரிவுப்படி நீங்க வெறும் உபயோகிப்பாளர் இல்ல, உருவாக்கினவரோட மொத்தப் பொறுப்பும் உங்க தலையில வந்துடும். ஸ்ப்ரின்ட்னு சொல்ற குறுகிய வேலைச் சுற்று நடுவுல "சின்ன மாத்தம்தான்"னு செய்யறது கம்பெனிய வேற எடத்துல கொண்டுபோய் நிறுத்திடும். சிஸ்டம் பாக்கறவங்களுக்கு, அதிக ஆபத்து ஏஐயோட லாக, அதாவது அது தானா எழுதி வைக்கற பதிவ, கொறைஞ்சது ஆறு மாசம் வச்சிருக்கணும்ங்கறது தெரிஞ்சா போதும். மார்க்கெட்டிங்குக்கு டீப்ஃபேக், அதாவது நெஜம் மாதிரியே ஏஐ உருவாக்கின படம், வீடியோ, குரல் போட்டா செயற்கைன்னு சொல்லணும்ங்கறது. லீகல்ல இருக்கறவங்களுக்கு 2023 ஜூன்ல நியூயார்க்ல நடந்த கதை: சாட்ஜிபிடி இட்டுக்கட்டின, இல்லாத தீர்ப்புகள கோர்ட்ல காட்டின வக்கீலுங்களுக்கு 5,000 டாலர் அபராதம். ஃபைனான்ஸுக்கு, பேங்க்கோ இன்ஷூரன்ஸோ இல்லேன்னா, பெரும்பாலும் பொது க்ளாஸ் போதும்.

மேனேஜ்மென்ட்ட விட்டுடாதீங்க. டார்கெட் போடறது அவங்க, அந்த அதிகாரத்தக் குடுக்கவேண்டியதும் அவங்கதான். அவங்களுக்கு அபராதக் கணக்கக் காட்டினா காது குடுப்பாங்க: தடை செஞ்சத செய்தா 3.5 கோடி யூரோ வரைக்கும், இல்ல உலகம் முழுக்க வர்ற வருஷ வருமானத்துல 7 சதவீதம், ரெண்டுல எது பெருசோ அது. ஏஐய வாங்கி ஓட்டறவங்களோட கடமைகள மீறினா 1.5 கோடி யூரோ இல்ல 3 சதவீதம். சின்ன நிறுவனங்களுக்கு மட்டும் ரெண்டுல எது சின்னதோ அது. 4-வது பிரிவு ட்ரைனிங்குக்குன்னு தனியா ஒரு அபராதத் தொகை சட்டத்துல இல்ல. சர்டிஃபிகேட்டும் வேண்டாம்னு யூனியனோட நிர்வாக அமைப்பான ஐரோப்பிய கமிஷன் தெளிவாவே சொல்லியிருக்கு, யாருக்கு எப்ப என்ன சொல்லிக் கொடுத்தோம்னு உள்ளுக்குள்ள ஒரு பதிவு வச்சிருந்தா போதும்.

"அந்தச் சட்டத்தையே தளர்த்தறாங்களாமே"ன்னு ஒரு பேச்சு வரும். 2025 நவம்பர் 19 அன்னிக்கு கமிஷன் ஒரு திருத்தத்த முன்மொழிஞ்சது உண்மைதான், அதுல 4-வது பிரிவோட பாரத்த கம்பெனிங்க மேல இருந்து எடுத்து, ஊக்குவிக்கற வேலைய கமிஷனும் உறுப்பு நாடுகளும் பாக்கணும்னும், மொதல்ல 2026 ஆகஸ்ட் 2-ன்னு வச்ச அதிக ஆபத்து விதிகளத் தள்ளி வைக்கணும்னும் சொல்லியிருந்தாங்க. ஆனா அந்த முன்மொழிவுலயும் மேற்பார்வை பாக்கற ஆளுக்கு பயிற்சி வேணும்ங்கற 26-வது பிரிவ எடுக்கச் சொல்லல. எச்ஆர்ல உக்காந்து ஸ்கோர் பாக்கற அந்த ஆளுக்கு சொல்லிக் கொடுக்கறத யாரும் வேண்டாம்னு சொல்லல.

நம்ம ஊருக்கு இது எப்படி வருது? திருப்பூர்ல இருந்து ஐரோப்பாவுக்கு பனியன் ஏத்துமதி பண்ற ஒரே காரணத்துக்காக யாரும் இந்தச் சட்டத்துக்குள்ள வந்துட மாட்டாங்க. ஆனா ஏஐ சிஸ்டம் ஓடறது சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ இருந்தாலும், அது தர்ற முடிவு ஐரோப்பிய யூனியனுக்குள்ள உபயோகமாகுதுன்னா 2-வது பிரிவு நம்மளையும் பிடிக்குது. ஜெர்மனில இருக்கற ஒரு க்ளையன்ட்டுக்கு இங்க உக்காந்து ஏஐ வச்சு ரெஸ்யூமே வடிகட்டிக் குடுத்தா, அங்க வேலை கேட்டு நிக்கற ஒருத்தரோட விதி இங்க முடிவாகுது.

போன தடவை ட்ரைனிங் லிஸ்ட்ட நான் பாத்தப்ப, அழைப்பு போனது கம்பெனி மெயில் ஐடி இருக்கறவங்களுக்கு மட்டும்னு தெரிஞ்சுது. மத்தியானம் 1 மணி ஷிஃப்ட்டுல வந்து, நெஜமா அந்த ஸ்கோரப் பாத்து தட்டி விடற கான்ட்ராக்ட் ஆளுங்க பேரு ஒண்ணு கூட இல்ல. சட்டம் "சார்பா இயக்கற மத்தவங்க"ன்னு சொல்றது இவங்களத்தான். அவங்களுக்கு ஷிஃப்ட் நேரத்துலயே, சம்பளத்தோட, தனியா ஒரு க்ளாஸ் போட்டோம். மொத நாளே பின்னாடி உக்காந்திருந்த ஒரு பொண்ணு எந்திரிச்சு, "ஸ்கோர் தப்புன்னு தோணிச்சுன்னா யார்கிட்ட சார் சொல்லணும்?"னு கேட்டுச்சு. அன்னிக்கு எங்ககிட்ட அதுக்கு பதில் இல்ல. ரெண்டு வாரம் ஆச்சு, இப்ப அந்த ஸ்க்ரீன்லயே மேல ஒரு பேரும் எக்ஸ்டென்ஷன் நம்பரும் இருக்கு, கூடவே "நிறுத்து"ன்னு ஒரு பட்டன், அத அழுத்தறதுக்கு யார்கிட்டயும் அப்ரூவல் வேண்டாம், அழுத்தின நேரம் டார்கெட் கணக்குல வராது.